கடற்கரையில் ஒரு வானொலிப் பெட்டி

சென்ற வாரம் மன்னாரிலிருந்து ஒரு மாணவ நேயர் கடிதம் எழுதியிருந்தார். வீட்டில் வைத்துக் கேட்டால் இரைச்சலைத் தவிர வேறெதுவும் தராத தமது சிறிய வானொலிப் பெட்டி, மாலையில் கடற்கரைக்குக் கொண்டுபோனால் மட்டும் எங்கெங்கோ உள்ள நிலையங்களை இழுத்து வருகிறதே, அது எப்படி என்பது அவருடைய கேள்வி. "கடலுக்குள் ஏதும் அன்ரனா இருக்கிறதா ஐயா?" என்றும் கேட்டிருந்தார். வேடிக்கையாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் பாதி உண்மை இருக்கிறது. நான் பருத்தித்துறைக் கரையில் பிறந்தவன். ஆகவே இதற்குப் பதில் சொல்லும் ஆசையை என்னால் அடக்க முடியவில்லை.

முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நல்ல ஈரமான தோட்ட மண்ணை விடச் சில நூறு மடங்கும், காய்ந்த மணலை விட ஆயிரக்கணக்கான மடங்கும் அது கூடுதலாகக் கடத்துகிறது. வானொலி அலை தரையின் மேலே தவழ்ந்து வரும்போது மண் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. பாறையும் மணலும் பற்றைக்காடும் உள்ள நிலத்தில் அலை சில பத்து மைல்களிலேயே களைத்துவிடும். கடலின் மேலே வரும் அதே அலை நூற்றுக்கணக்கான மைல் தாண்டியும் தெம்பாக இருக்கும். வானத்தில் பட்டுத் திரும்பி மிகத் தாழ்ந்த கோணத்தில் வந்து இறங்கும் தூர தேசத்து அலைகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் தண்ணீர் விளிம்பிலேயே நிற்க வேண்டும். சில நூறு யார் ஊருக்குள் பின்வாங்கினாலே அந்தக் கொடை குறையத் தொடங்கிவிடும். மாணவரே, உமது கேள்விக்கு இதுதான் முதற் பதில். கடலுக்குள் அன்ரனா இல்லை, அன்ரனாவுக்குக் கடல் விரித்துக் கொடுத்த பாய்தான் இருக்கிறது.

மார்க்கோனி கூட இதைக் கடற்கரையில்தான் செய்து பார்த்தார். 1901 டிசம்பர் 12 ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்தில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு குன்றின் மேல் பட்டம் ஏற்றி, அதில் கம்பியைக் கட்டி, இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையிலிருந்து வந்த மூன்று புள்ளிச் சத்தத்தைக் கேட்டதாக அறிவித்தார். நடுப்பகலில் அத்தனை தூரம் கேட்டிருக்குமா என்று இன்று வரை சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் சந்தேகம் என்பதை விளங்கிக்கொண்டால் மாலைநேரத்தின் இரகசியமும் விளங்கிவிடும்.

நமக்கு மேலே ஆகாயத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படைகள் இருக்கின்றன. பகலில் ஐம்பது அறுபது மைல் உயரத்துக்குக் கீழே ஒரு படை உருவாகும். மத்திய அலை அதற்குள் புகுந்தால் விழுங்கப்பட்டுவிடும். அதனால் பகலில் தரையோடு தவழ்ந்து வரும் அலை மட்டுமே நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் அந்தக் கீழ்ப்படை சிறிது நேரத்தில் கலைந்துவிடுகிறது. அதற்கு மேலேயுள்ள படைகள் கலையாமல் நின்று, கண்ணாடி முகத்தைத் திருப்பி அனுப்புவதுபோல அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகின்றன. அப்பொழுதுதான் பகலில் வெறும் இரைச்சலாக இருந்த இடங்களிலெல்லாம் மனிதக் குரல்கள் முளைக்கும். மாலைக்கருக்கலில் கிழக்கே இருட்டிவிட்டது, மேற்கே இன்னும் வெளிச்சம் என்ற அந்த அரைமணி நேரத்தில், கிழக்குத் தேசத்து நிலையங்கள் முதலில் எழும்பும். பிறகு இரவு மேற்கே நகர நகர, மேற்குத் தேசங்கள் ஒவ்வொன்றாக வரும். காலையில் இதே நாடகம் மறுபடி நடக்கும். அப்போது கிழக்கு முதலில் விடிந்துவிடுவதால் அந்தப் பக்கத்து நிலையங்கள் முதலில் மங்கும், மேற்கு கடைசிவரை நிற்கும்.

இப்படித் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதை அவர்கள் டி.எக்ஸ். என்று சொல்வார்கள். தந்திக்காரர்கள் தூரம் என்பதற்குச் சுருக்கமாக எழுதிய குறி அது. கேட்ட நேரம், அலைவரிசை, சத்தத்தின் தெளிவு எல்லாவற்றையும் குறித்து நிலையத்துக்கு எழுதினால், அவர்கள் உறுதிப்படுத்தி ஓர் அழகான அட்டை அனுப்புவார்கள். எங்கள் ஊர்த் தபாற்காரருக்கு இந்த அட்டைகளின் முத்திரைகளைப் பார்ப்பதில் என்னை விடக் கூடுதலான ஆசை.

அலைவரிசை எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமது பக்கத்து மத்திய அலை நிலையங்களின் எண்கள் எல்லாம் ஒன்பதால் வகுபடும். சென்னைக்குரிய 720, திருச்சிராப்பள்ளிக்குரிய 936, தூத்துக்குடிக்குரிய 1053, எதை வேண்டுமானாலும் வகுத்துப் பாருங்கள். ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா எல்லாவற்றுக்கும் பொதுவாக 1975 இல் ஜெனீவாவில் வகுத்த திட்டம் அது. அமெரிக்காவில் மட்டும் பத்து பத்தாக எண்ணுவார்கள். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1978 நவம்பர் 23. மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்த இரவும் அதேதான். எண்களைப் பற்றி யார் அன்றைக்கு நினைத்திருக்கப் போகிறார்கள்!

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பாவனையில் உள்ள சிறிய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே பென்சில் போன்ற ஒரு கறுத்தத் தண்டு, அதைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி இருக்கும். மத்திய அலைக்கு அதுதான் அன்ரனா. பெட்டியின் நீளத்துக்குப் படுக்கையாக வைத்திருப்பார்கள். அந்தத் தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சத்தம் நிறைவாக வரும். தண்டின் முனை நிலையத்தைச் சுட்டினால் சத்தம் திடீரென்று பள்ளத்தில் விழுந்தது போல மங்கிவிடும். கூடுதலாகக் கேட்கும் நிலை அகலமானது, அதில் திசையைச் சரியாகச் சொல்ல முடியாது. மங்கும் நிலையோ மிகக் கூர்மையானது. ஒரு விரற்கடை திருப்பினாலே தெரிந்துவிடும். ஆகவே திசை அறிய விரும்புகிறவன் கேட்கும் இடத்தை அல்ல, கேட்காத இடத்தைத் தேட வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. வள்ளத்துத் தண்டையல். வீட்டு விறாந்தையில் பாட்டுக் கேட்கும்போது பெட்டியைத் திருப்பினால் பாட்டு மங்குவதைக் கண்டவர், வேறு நிலையத்துக்கு வேறு பக்கம் திருப்பினால்தான் மங்குகிறது என்பதையும் கண்டுகொண்டார். பெட்டியின் தோலுறை மேல் ஓர் ஆணியால் நீளத்துக்குக் கோடு கீறி வைத்திருந்தார். பெரியம்மா அதற்காக ஏசாத நாளில்லை. புதுப் பெட்டியைக் கீறிப்போட்டாரே என்று.

1973 ஆம் ஆண்டு, புரட்டாதி முடியும் காலம். மூன்று பேரோடு போன வள்ளத்தின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. கச்சான் காற்று கிழக்கே தள்ளியது. வானம் முழுவதும் மூட்டம், நட்சத்திரம் ஒன்று கூட இல்லை. திசைகாட்டி வள்ளத்தில் இருந்ததில்லை. பருத்தித்துறை வெளிச்சவீட்டின் ஒளி எப்பொழுதோ மறைந்துவிட்டது. இரவில் பெரியப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். சென்னை ஒரு முறை ஒரு பக்கம் மங்கியதாம், கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம். ஒன்றும் பிடிபடவில்லை. கூட இருந்த இளைஞன் அழத் தொடங்கிவிட்டான்.

அது பெட்டியின் குற்றமல்ல. இரவில் நேராக வரும் அலையோடு வானத்தில் பட்டு வரும் அலையும் கலந்துவிடுவதால், மங்கும் இடம் அங்குமிங்கும் அலையும். திசை காண இரவு நம்பத்தகாதது. அவருக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் விறாந்தையில் பகலில்தான் கோடு சரியாகப் பிடிக்கும் என்பது தெரியும். "விடியட்டும், பேசும்" என்று சொல்லி, பற்றறி தீராதிருக்கப் பெட்டியை மூடிவைத்துவிட்டார். என்னைக் கேட்டால், அந்த இரவு முழுவதும் பெட்டியை நிறுத்தி வைத்திருந்த பொறுமைதான் மூன்று உயிரையும் காத்தது.

விடிந்தது, ஆனால் சூரியன் தெரியவில்லை. எல்லாத் திசையும் ஒரே சாம்பல். காலை நன்றாக ஏறிய பிறகு பெட்டியைத் திறந்தார். வானத்து அலை விழுங்கப்பட்டு, கடல் வழியே வந்த அலை மட்டும் மிஞ்சியது. சென்னை இப்போது ஒரே கோட்டில் ஒழுங்காக மங்கியது. அந்தக் கோட்டுக்கு இரண்டு முனை உண்டு, எது வடக்கு, எது தெற்கு என்று பெட்டி சொல்லாது. அதற்குத் திருச்சியைத் தேடினார். அது வேறு கோட்டில் மங்கியது. திருச்சி தனக்குக் கிழக்கே இருக்க வழியில்லை, கிழக்கே வெறுங்கடல். ஆகவே அந்தக் கோட்டின் ஒரு முனை மேற்கு. மேற்கு தெரிந்தால் வடக்கும் தெற்கும் தெரிந்தமாதிரித்தானே. தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள், சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே பருத்தித்துறை இருக்கிறது. அவர்கள் கிழக்கே அடிபட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை. நமது கரை பருத்தித்துறையிலிருந்து முல்லைத்தீவு நோக்கித் தென்கிழக்கே சரிந்து போகிறது. தெற்கே போனால் எங்காவது கரை வரும்.

பாயை ஏற்றினார்கள். அரைமணிக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து கோட்டைப் பார்த்து மூடினார்கள். மறுநாள் விடியற்புறம் முல்லைத்தீவுக்கு வடக்கே ஒரு வெறும் மணற்கரையில் தட்டினார்கள். தண்ணீர் முடிந்து பல மணிநேரம் ஆகியிருந்ததாம். மூன்றாம் நாள் லொறியில் வந்து இறங்கிய பெரியப்பாவின் தோளில் அந்தப் பெட்டி தொங்கியது. அதன் பிறகு பெரியம்மா அந்தக் கீறலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தப் பெட்டி பின்னர் இன்னொரு காலத்தையும் கண்டது. 1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. தீர்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்து இன்னும் பத்து நிமிடம் வாங்குவோம். அதுவும் முடிந்த பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தோம். சைக்கிள் டைனமோ ஆறு வோல்ட், நான்கு பற்றறி போடும் பெட்டிக்கும் ஆறு வோல்ட். டைனமோ தருவது திசைமாறும் மின்சாரமாதலால் இடையில் டயோட்டும் கொண்டென்சரும் வைத்துச் சீராக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் பெட்டி எரியும், மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் அமிழும். இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் தமிழோசைக்காக எங்கள் வளவில் இருபது பேர் கூடுவார்கள். சுற்றுகிறவனின் கை மாற வேண்டிய நேரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முக்கியமான செய்தி வரும்போது கை மாற்ற யாரும் விடமாட்டார்கள். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்பது பக்கத்து ஊர்க்காரருக்கு லண்டன் வழியாகத்தான் தெரியவந்தது.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இல் நின்றது. அதே ஆண்டு தொடக்கத்தில் அவுஸ்திரேலிய வானொலி சிற்றலையை விட்டது. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் நிகழ்ச்சி 2018 இல் சிற்றலையிலிருந்து விடைபெற்றது. திருகோணமலையில் ஜேர்மன் வானொலி 1984 இல் தொடங்கிய அஞ்சல் நிலையம் 2013 இல் கைமாறியது. பழைய அட்டைகளை எடுத்துப் பார்க்கும்போது, எழுதினால் பதில் வராத முகவரிகள்தான் கூடுதல். ஆயினும் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மத்திய அலையில் இரவு நேரத்தில் இன்னும் எத்தனையோ மொழிகள் வருகின்றன. நிலையங்கள் சில மூடப்பட்டதால், அவற்றின் அடியில் அமுங்கிக் கிடந்த தூர நிலையங்கள் இப்போது தலைகாட்டுகின்றன.

வீட்டில் கேட்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசிச் சார்ஜர், சூரிய மின்கலங்களின் இன்வேட்டர் எல்லாமே இரைச்சலைக் கக்குகின்றன. மாணவ நேயரின் வீட்டுப் பெட்டி பழுதல்ல, வீடுதான் சத்தம் போடுகிறது. கடற்கரையில் அந்த இரைச்சல் இல்லை.

அவர் செய்யக்கூடியது இதுதான். சூரியன் மறைய அரைமணி இருக்கும்போது தண்ணீர் விளிம்புக்குப் போகட்டும். மின்கம்பிகளுக்கு எட்ட நிற்கட்டும். ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு மணிக்கூடு. ஒன்பதால் வகுபடும் எண்களில் ஒவ்வொன்றாக நின்று, பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்க்கட்டும். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் மோதினால், ஒன்றை மங்கும் கோட்டில் வைத்து மற்றதைக் கேட்கலாம். இன்னும் கூடுதலாக வேண்டுமானால் இரண்டடிச் சதுர மரச்சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பி சுற்றி, பழைய வானொலியிலிருந்து கழற்றிய சுழல் கொண்டென்சரை அதன் இரண்டு முனைகளிலும் பொருத்தி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாலே போதும். கம்பியைப் பெட்டியோடு இணைக்க வேண்டியதில்லை. கொண்டென்சரைத் திருப்பும்போது ஓரிடத்தில் சத்தம் பொங்கி எழும்பும்.

வீடு திரும்பியதும் பெட்டியை ஈரமில்லாத பழந்துணியால் துடைத்து, பற்றறிகளைக் கழற்றி வைக்க வேண்டும். உப்புக்காற்று பற்றறித் தகடுகளைத்தான் முதலில் தின்னும். பெரியப்பாவின் பெட்டியில் அந்தத் தகடுகளை நான் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். தோலுறையை மாற்றவில்லை.