கேம்பர் வான் வாங்குமுன் ஒரு கணக்குப் பார்ப்போம்

கேம்பர் வான் வாங்குவோமா என்ற பேச்சு இப்போது எங்கள் குடும்பங்களிலும் அடிபடுகிறது. காரணம் தெரிந்ததுதான். ஹோட்டல் என்றால் நான்கு பேருக்கு இரண்டு அறை எடுக்கவேண்டும், மரக்கறிச் சாப்பாடு தேடி அலையவேண்டும், வழியில் அம்மம்மாவுக்குக் கழிப்பறை தேடவேண்டும். சமையலும் படுக்கையும் கூடவே வந்தால் ஸ்கொட்லாந்துக்கும் போகலாம், ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கும் போகலாம். ஆசை நியாயமானது. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், மிச்சத்தில் குடியிருப்பவருக்கும் கையில் மிச்சம் இராது. கணக்காளர் என்ற முறையில், கையெழுத்துப் போடுமுன் பார்க்கவேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஓர் இரவுக்கு எவ்வளவு?

ஒரு உதாரணம் எடுப்போம். 25,000 பவுணுக்குப் பழைய வான் ஒன்று வாங்குகிறீர்கள். ஐந்து வருடத்தில் 16,000 பவுணுக்கு விற்றால், தேய்மானம் வருடத்துக்கு 1,800 பவுண். காப்புறுதி, வீதி வரி, எம்.ஓ.ரி, சேர்விஸ், பழுது, நிறுத்தும் இடம் எல்லாம் சேர்த்து 2,200 என்று வைப்போம். அந்த 25,000 பவுணை வங்கியில் 4 வீத வட்டிக்கு விட்டிருந்தால் வருடம் 1,000 பவுண் கிடைத்திருக்கும். வீட்டுக்கடன் உள்ளவருக்கு அதைக் குறைத்திருக்கலாம். ஆகவே மொத்தம் 5,000 பவுண்.

வருடத்தில் 20 இரவு அதில் படுத்தால், ஓர் இரவுக்கு 250 பவுண். 50 இரவு என்றால் 100 பவுண். இது டீசலுக்கும் முகாமிடத்துக் கட்டணத்துக்கும் முந்திய கணக்கு. உங்கள் சொந்த எண்களை இதே மாதிரி எழுதி, வாடகை வானின் விலையோடு ஒப்பிடுங்கள். பாடசாலை விடுமுறையில் மட்டும் போகக்கூடிய குடும்பத்துக்கு, சனி ஞாயிறும் கடை திறக்கும் குடும்பத்துக்கு, 50 இரவு எங்கிருந்து வரும் என்று முதலில் யோசிக்கவேண்டும்.

லைசென்ஸ், பாரம், ஆசனம்

இலங்கை லைசென்சை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். வந்து 12 மாதம் ஓட்டலாம், பிறகு இங்கு சோதனை எடுத்தே ஆகவேண்டும். அந்தச் சோதனையில் 1997 ஜனவரி 1க்கு முன் சித்தியடைந்தவர்களுக்குப் பொதுவாக 7,500 கிலோ வரை ஓட்டும் உரிமை 70 வயது வரை உண்டு. அதன்பின் சித்தியடைந்தவர்கள் டீசல், பெற்றோல் வாகனங்களில் 3,500 கிலோவுக்கு மேல் ஓட்டமுடியாது. எங்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாம் வகை.

3,500 கிலோ என்பது ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றியபின் உள்ள எல்லை. உதாரணத்துக்கு, சாரதியும் எரிபொருளும் உட்பட வானின் பாரம் 3,100 கிலோ என்றால், மீதி 400. மற்ற மூன்று பேருக்கு 210, நூறு லீற்றர் தண்ணீருக்கு 100, வெளிக்கூரை, சைக்கிள், இரண்டாவது பற்றரிக்கு 60 என்று கழித்தால், அரிசி மூட்டைக்கும் சட்டி பானைக்கும் உடுப்புக்கும் 30 கிலோதான் மிஞ்சும். வழியில் நிறுத்தி நிறுத்துப் பார்த்தால் அபராதம் வரலாம், பாரத்தை இறக்கும்வரை வண்டியை எடுக்கவும் விடமாட்டார்கள். பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, படுக்கை எண்ணிக்கை வேறு, ஆசனப்பட்டி எண்ணிக்கை வேறு. ஆறு பேர் படுக்கலாம் என்று விற்கும் வானில் நான்கு பட்டிதான் இருக்கக்கூடும். பக்கவாட்டாகப் பார்க்கும் இருக்கையில் பிள்ளைகளுக்கான கார் ஆசனத்தைப் பொருத்தக்கூடாது. வாங்கப் போகும்போது பட்டிகளைக் கையால் தொட்டு எண்ணுங்கள்.

யூலெஸும் நிறுத்தும் இடமும்

2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பறோக்களும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டன. மிச்சம் அடங்கும் மேர்ட்டனும் அதற்குள்தான். டீசல் வான் யூரோ 6 தரத்தில் இல்லாவிட்டால், ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். நள்ளிரவோடு நாள் மாறுவதால், வெள்ளி இரவு பதினொன்றுக்குப் புறப்பட்டு நள்ளிரவுக்குப் பின்னும் லண்டனுக்குள் நின்றால் இரண்டு நாள் கட்டணம். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு வேறு திட்டம், அதில் கட்டணம் நாளுக்கு 100 பவுணிலிருந்து தொடங்கும். லண்டனுக்கு வெளியே மலிவாக விற்கும் பழைய டீசல் வானைக் கண்டு மகிழுமுன், போக்குவரத்துச் சபையின் தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டுப் பாருங்கள்.

வான் வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் சும்மா நிற்கும். வீட்டு வாசலில் நிறுத்த இடம் இருந்தாலும், சில வீட்டு உறுதிகளில் கரவன் நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். தெருவில் நிறுத்தினால் பெர்மிட், அயலவர் முகம், காப்புறுதிக் கட்டணம் மூன்றையும் கணக்கில் எடுங்கள்.

சோறும் மின்சாரமும்

வானில் இரண்டு பற்றரி. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது வீட்டுப் பாவனைக்கு. இரண்டாவதை வங்கிக் கணக்குப்போல நினைத்தால் விளங்கும். 12 வோல்ற், 100 அம்பியர்மணி ஈய பற்றரியில் பாதியை மட்டும் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பற்றரி கெடும். அதாவது சுமார் 600 வாற்மணி. 700 வாற் றைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 350 வாற்மணி, 230 வோல்ற்றாக மாற்றுவதில் வீணாவது வேறு. பிரிட்ஜும் ஓடினால் அன்றைய கணக்கு முடிந்தது. லிதியம் பற்றரியில் பெரும்பகுதியை எடுக்கலாம், பாரமும் குறைவு, ஆனால் விலை கூட.

வரவுக்கு மூன்று வழி. நல்ல கோடை நாளில் 100 வாற் சோலார் தகடு 300 முதல் 400 வாற்மணி தரும், மார்கழியில் அதில் சிறு பங்கே. ஓடும்போது எஞ்சினிலிருந்தும் சார்ஜ் ஆகும். ஆனால் யூரோ 6 வான்கள் பலவற்றுக்கு, ஒரு பற்றரியிலிருந்து மற்றதை நிரப்பும் தனிக் கருவி பொருத்தவேண்டும். மூன்றாவது, முகாமிடத்து மின் இணைப்பு. 16 அம்பியர் என்றால் சுமார் 3,680 வாற், 10 அம்பியர் என்றால் 2,300 வாற். 3,000 வாற் கேத்தலைப் பத்து அம்பியரில் போட்டால் உடனே கரண்ட் போகும்.

ஆகவே சோறும் கறியும் காஸில் சமைப்பதே வழி. குளிரில் பியூட்டேன் காஸ் சுழியம் பாகைக்கு அருகில் வேலை செய்யாது, புரொப்பேன் வாங்கவேண்டும். வானைச் சூடாக்க அடுப்பை எரியவிடாதீர்கள், அணைந்த பார்பிகியூவையும் உள்ளே வைக்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஓர் இரவும் படுக்கவேண்டாம்.

எங்கும் படுக்கலாம் என்று எண்ணுவதும் பிழை. ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச்சட்டம் தரும் உரிமை மோட்டார் வாகனத்துக்கு இல்லை. ஹம்முக்குப் போவோர், பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது என்பதை மறக்கவேண்டாம். பிரிட்ஜில் இருக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் அது பொருந்தும்.

யார் பெயரில்?

தெரிந்தவர் விற்கிறார் என்று காசைக் கையில் கொடுத்து வாங்காதீர்கள். லொக்புக் உரிமைச் சான்று அல்ல, அதில் இருப்பது பதிவான பொறுப்பாளரின் பெயர் மட்டுமே. பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். வண்டிமேல் கடன் இருக்கிறதா என்று சோதியுங்கள். எம்.ஓ.ரி வரலாற்றை அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சுவரின் மூலைகளை அழுத்திப் பாருங்கள், மெத்தென்றால் ஈரம் ஊறியிருக்கிறது. அந்தத் திருத்தம் ஆயிரக்கணக்கில் போகும். வியாபாரியிடம் வாங்கி, பழுது இருந்தால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை.

அண்ணன் தம்பி, மச்சான்மார் சேர்ந்து வாங்குவது நல்ல யோசனைதான், இரவுகள் கூடும், செலவு பிரியும். ஆனால் லொக்புக்கில் ஒரு பெயர்தான் இருக்கும். யார் எவ்வளவு போட்டார், ஓகஸ்ட் மாதம் யாருக்கு, பழுதுக்கு யார் கொடுப்பது, ஒருவர் விலகினால் எந்த விலைக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். எழுதக் கேட்டால் கோபிப்பார்கள் என்று விட்டால், பிறகு காசும் போகும் உறவும் போகும். ஓட்டும் ஒவ்வொருவர் பெயரும் காப்புறுதியில் இருக்கவேண்டும். நண்பருக்கு “ஏதோ தாங்கோ” என்று காசுக்குக் கொடுத்தால், சாதாரண தனிப்பட்ட காப்புறுதி அதை ஏற்காது. விபத்து நடந்தால் முழுச் சுமையும் உங்கள் தலையில்.

25,000 பவுண் எங்களில் பலருக்கு இருபது வருட உழைப்பு. முதலில் ஒரு கிழமை வாடகைக்கு எடுங்கள், அதுவும் வெயில் எறிக்கும் ஓகஸ்டில் அல்ல, மழை பெய்யும் ஒக்ரோபரில், அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வந்தபின்னும் எல்லோரும் அடுத்த பயணத்தைக் கேட்டால், இரவுகளை எண்ணிக் கணக்கை எழுதி, தாராளமாக வாங்குங்கள்.