பால் கக்கும் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகுமா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தில் கைக்குழந்தை பால் கக்கினால், பக்கத்து இருக்கையில் இருப்பவர் “மலை ஏறுது, புள்ளைக்கு ஒத்துக்கல” என்று எலுமிச்சம்பழத்தை நீட்டுவார். அக்கறைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பெரியவர்களுக்கு வருகிற குமட்டல் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம். பேருந்து புறப்படும் அவசரத்தில் கொடுத்த பால் இரைப்பையில் நிரம்பியிருக்கிறது. மடியில் முதுகு வளைந்து, தொடை மடங்கி வயிற்றை அழுத்துகிறது. பால் மேலே வருகிறது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை உண்டு. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டியது அது. எல்லா வயதினருக்கும் இடையிடையே விழுங்காதபோதும் சில நொடிகள் தளரும். பெரியவர்களுக்கு உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், பச்சிளம் குழந்தைக்கு 8 முதல் 10 செ.மீ.தான். உணவு முழுக்கத் திரவம். நாளின் பெரும்பகுதி படுக்கை. கிலோ எடைக்குச் சுமார் 150 மி.லி. வீதம் தினமும் பால் குடிக்கிறது பிள்ளை; அதே கணக்கில் 60 கிலோ ஆள் குடித்தால் 9 லிட்டர். எதுக்களிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1997-இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு ஒன்றில், முதல் மூன்று மாதப் பிள்ளைகளில் பாதிப் பேர் தினம் ஒருமுறையாவது கக்கினார்கள். நான்காம் மாதத்தில் அது 67 சதவீதம். 10–12 மாதத்தில் வெறும் 5 சதவீதம். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கெட்டி உணவு சாப்பிடத் தொடங்கியதும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடுகிறது.

எடை ஏறுகிறது, சிரிக்கிறது, கக்குகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு மருந்து வேண்டாம். எடை ஏறாமல், பால் கொடுத்தாலே முதுகை வளைத்து அழுது மறுக்கிற பிள்ளைதான் நோயாளி. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் தாய்மார் இவ்வளவு பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் பெரியது: “இப்படிக் கக்கிக்கிட்டே இருந்தா பேச்சு, நடை எல்லாம் பிந்துமா?”

சாதாரணக் கக்கல் பேச்சைத் தாமதப்படுத்தாது. ஆனால் கக்கலுக்காக நாம் செய்கிற சில காரியங்களும், கக்கலின் மறைவில் நாம் கவனிக்கத் தவறுகிற சில குறைகளும் வளர்ச்சியைத் தொடும்.

பிள்ளையின் வளர்ச்சிப் படிகளைக் கூர்ந்து பார்த்த மரபு நம்முடையது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, ஓராண்டை ஒட்டி வருகை என்று பரவலான ஒரு கணக்கு உண்டு. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை. கழுத்து, தோள், முதுகுத் தசைகள் பலப்படும் நேரம் அது. கவிழ்த்துப் போட்டால் கக்குமே என்று பிள்ளையை எந்நேரமும் தோளிலேயே வைத்திருந்தால் இந்தப் பயிற்சிதான் குறையும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் குளிரில் தரையில் விடவும் மனம் வராது. பால் கொடுத்து அரை மணி கழித்து, விழித்திருக்கும்போது, தடித்த விரிப்பில் கவிழ்த்து விட்டுப் பக்கத்திலேயே நாமும் படுத்துக்கொள்ளலாம். தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாந்துதான். கக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் ஏறுவது கடினம்.

அடுத்தது காது. நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே உள்ள குழாய் குழந்தைகளுக்குக் குட்டையானது, கிட்டத்தட்ட படுக்கைவசமானது. சளியோ பாலோ அந்த வழியை அடைத்தால் நடுச்செவியில் நீர் கோக்கும். 2002-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், காதில் நீர் கோத்த குழந்தைகளின் நடுச்செவி நீரில் பெப்சின் என்ற இரைப்பை நொதியைக் கண்டார்கள். எதுக்களிப்புதான் நீர் கோக்கக் காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் நீர் எப்படி வந்தாலும் விளைவு ஒன்றுதான். வலி, சீழ், காய்ச்சல் எதுவும் இல்லாமலே, விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போலக் கேட்கும் பிள்ளைக்கு. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்பும். அம்மா மெதுவாகச் சொல்லும் சொல்லின் கடைசி ஒலிகள் நழுவிவிடும். கேளாத ஒலியை எப்படிச் சொல்லிப் பழகும்? வீட்டில் “கக்குற புள்ள, அதான் லேட்டு” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம்.

சாப்பாட்டையும் பேச்சையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். மெல்லாத பிள்ளை பேசாது என்பார்கள். மெல்லும்போதும் மழலை பேசும்போதும் தாடைத் தசைகள் ஒரே விதமாக இயங்குவதில்லை என்று 1990-களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கெட்டி உணவை மறுக்கும் பிள்ளைக்குச் சாப்பிடப் பழக்குவது சத்துக்காக அவசியம். பேச்சுக்கு வேண்டியது பேச்சுதான்: பிள்ளை “ங்கா” என்றால் நாமும் “ங்கா” என்று திருப்பிச் சொல்வது.

சில நேரம் காரணம் தலைகீழாக இருக்கும். குறைமாதப் பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், மூளைவாதம் உள்ளவர்கள் ஆகியோருக்கு எதுக்களிப்பும் அதிகம், வளர்ச்சித் தாமதமும் அதிகம். அங்கே கக்கல் ஒரு துணை அறிகுறிதான். அதை நிறுத்தினால் பேச்சு வரும் என்று மருந்துக்கு மேல் மருந்து மாற்றுவதில் பயிற்சி தொடங்க வேண்டிய மாதங்கள் போய்விடுகின்றன.

அந்த மருந்துகளின் கதையையும் சொல்ல வேண்டும். அமிலம் குறைக்கும் லான்சோபிரசோலை, அழுது தவித்த 162 கைக்குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம் தேறினார்கள். வெறும் போலி மருந்து பெற்றவர்களிலும் அதே 54 சதவீதம். நுரையீரல் தொற்று போன்ற கடும் பாதிப்புகள் மருந்து பெற்றவர்களிடமே அதிகம். உணவுக்குழாய் உண்மையில் புண்ணான பிள்ளைக்கு மருத்துவர் பார்த்து எழுதுவது வேறு. கடையில் கேட்டு வாங்கி ஊற்றுவது கூடாது.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். வசம்பைச் சுட்டு உரைத்து வயிற்றுக்கும் கொடுக்கிறோம், பேச்சு வரட்டும் என்று நாக்கிலும் தடவுகிறோம். அதிலுள்ள பீட்டா-அசரோன் நச்சுத்தன்மை உள்ளது. வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-இலேயே தடை விதித்தது. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிப் போகிறார்கள், எதுவும் சிக்கியிருப்பதில்லை. மலைத்தேனிலும் கவனம் வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் நுண்வித்துகள் குடலில் முளைத்து, உடலைத் துவளச் செய்யும் பொட்டுலிசம் நோய் வரலாம். பழனியில் பிள்ளைக்கு முடி இறக்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்: பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. முதல் பிறந்தநாள் தாண்டட்டும்.

பச்சையாக வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, எடை ஏறாமை என்றால் அன்றே மருத்துவமனை. வளர்ச்சிக்கு வேறு கணக்கு. டெல்லியும் ஒரு களமாக இருந்த உலக சுகாதார நிறுவன ஆய்வில், பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது 3.8 முதல் 9.2 மாதம் வரையும், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரையும் பரந்து கிடந்தது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். ஆனால் பத்து மாதத்தில் “பாபா, தாதா” என்ற மழலை இல்லை, ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, வந்த சொல் நின்றுபோனது என்றால் காத்திருக்கக் கூடாது. குறைமாதப் பிள்ளைக்கு முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்து வயதைக் கணக்கிட வேண்டும்.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பூண்டுக் காட்டுக் கூலியை விட்டுவிட்டு மன்னவனூரிலிருந்து திண்டுக்கல் வரை இறங்கி ஏறுவது ஒரு தாய்க்கு முழுநாள் இழப்பு. பேச்சுப் பயிற்சி வாரக்கணக்கில் தொடர வேண்டியது. பயிற்சியாளர் மாதம் ஒருமுறையாவது மேல்மலை ஊர்களுக்கே வர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கிராமசபையில் எழுதிக் கொடுக்கலாம். குழு அங்கன்வாடிக்கு வரும் நாளில் தாய்மார் தயங்காமல் முதலில் கேட்க வேண்டியது காதுச் சோதனை.