மார்பில் கட்டியா? பயமும் வேண்டாம், பராமுகமும் வேண்டாம்!

ராஜபாளையத்தில் நூல் ஆலைகள் அதிகம். பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஊரார் காயத்துக்குக் கட்டும் துணி அது.

அந்தத் துணியை நெய்கிற பெண்ணுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தால்? வெளியே சொல்லக் கூச்சம். "புற்று நோயாக இருக்குமோ?" என்று உள்ளுக்குள் நடுக்கம்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று நோய் அல்ல. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேஷம் போடும் கட்டிகள்

கட்டியில் ஊசி போட்டுச் சிறிது சதை எடுப்பார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அங்கேயும் சில சாதாரணக் கட்டிகள், புற்று நோய் போலவே வேஷம் போடும்!

பால் சுரப்பிகள் பெருகி, நார் போன்ற சதை அவற்றை நெருக்கினால், எல்லாம் தாறுமாறாகத் தெரியும். இதற்கு 'ஸ்கிளிரோசிங் அடினோசிஸ்' என்று பெயர். இன்னொன்று நட்சத்திர வடிவத் தழும்பு. அது 'ரேடியல் ஸ்கார்'. இரண்டுமே புற்று நோய் அல்ல.

மார்பில் அடிபட்டுக் கொழுப்பு கெட்டாலும், காச நோய் தாக்கினாலும், கையால் தொட்டால் புற்றுக் கட்டி போலவே இருக்கும்.

குட்டு வெளிப்படுவது எப்படி?

பால் குழாயின் சுவருக்கு இரண்டு அடுக்கு உண்டு. வேஷம் போடும் கட்டியில் வெளி அடுக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பரவும் புற்று நோயில் அது இருக்காது. நூலுக்குச் சாயம் ஏற்றுவது போல, சதைக்கும் தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். வெளி அடுக்கு இருக்கிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே அதை வேறொரு நிபுணரிடம் காட்டலாம். அப்படிக் கேட்பது தவறு அல்ல.

எங்கே காட்டுவது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. விருதுநகரில் 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மதுரையில் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ம் ஆண்டு தொடங்கிய புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சாதாரணக் கட்டிதான் என்று தெரிந்த பிறகும், டாக்டர் சொன்ன நாளில் மீண்டும் போய்க் காட்ட வேண்டும். சில கட்டிகள் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் புற்று நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

சோதிக்காமல் அவசரப்பட்டால் மார்பு போகும். காட்டாமல் தாமதித்தால் உயிர் போகும்.

கட்டி கையில் தட்டுப்பட்டால், அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். கணவரும் மாமியாரும் கூடவே போனால், அந்தப் பெண்ணின் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்!