கோப்பு ஒன்று, வன்தட்டுகள் பல

வானிலைக் கணிப்பு போன்ற பெருங்கணக்குகளைப் பல நூறு கணினிகள் பங்கிட்டுச் செய்யும்போது, ஒன்று எழுதிய கோப்பை மற்றொன்று உடனே படிக்க வேண்டியிருப்பதால், அவை அனைத்துக்கும் பொதுவான ஒரு கோப்பு முறைமை, அதாவது கோப்புகளைப் பெயரிட்டு வைத்துக் கேட்டபோது எடுத்துத் தரும் மென்பொருள் ஏற்பாடு, தேவைப்படுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்ற முறைமை ஒரு சேவையகத்தின் வன்தட்டை மற்றக் கணினிகளில் அவற்றின் சொந்த அடைவு போலவே காட்டியது. சிறிய ஆய்வகங்களுக்கு அது இன்றும் போதுமானது. ஆனால் தரவு முழுவதும் அந்த ஒரே சேவையகத்தின் வழியாகச் செல்வதால், நூறு கணினிகள் ஒருங்கே எழுதத் தொடங்கினால் அத்தனையும் அங்கே வரிசையில் நிற்க நேர்கிறது.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் 1999-இல் தொடங்கிய லஸ்டர் என்ற கோப்பு முறைமை இந்த நெருக்கடியைத் தீர்த்த விதம் வியப்புக்குரியது. கோப்பின் பெயர், உரிமையாளர், அனுமதிகள், உள்ளடக்கம் இருக்கும் இடம் ஆகிய விவரங்களை, அதாவது மீத்தரவை, ஒரு சேவையகத்திடமும், உள்ளடக்கத்தை வேறு பல சேவையகங்களிடமும் அது ஒப்படைத்தது. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது மீத்தரவுச் சேவையகத்தை அணுகி இடவிவரத்தைப் பெற்றுக்கொள்கிறது. அதன்பின் உள்ளடக்கச் சேவையகங்களுடன் நேரடியாகவே பேசுகிறது. உள்ளடக்கம் பட்டைகள் எனப்படும் துண்டுகளாக வெட்டப்பட்டு, அச்சேவையகங்களின் சேமிப்பிடங்களில் முறைவைத்துப் பரப்பப்படுகிறது. பட்டையின் அளவு 1 மெகாபைட், சேமிப்பிடங்கள் நான்கு என்று அமைத்தால், கோப்பின் முதல் நான்கு மெகாபைட்டுகள் நான்கு இடங்களுக்கும் ஒவ்வொன்றாகச் சென்று, ஐந்தாவது மீண்டும் முதல் இடத்துக்கே வந்து சேரும். ஆகவே பெரிய கோப்பொன்றைப் படிக்கையில் நான்கு இடங்களின் வேகமும் ஒன்றுசேர்ந்து கிடைக்கிறது. இரு கணினிகள் ஒரே கோப்பின் வெவ்வேறு பகுதிகளில் எழுதினாலும், கோப்பு முழுவதையும் பூட்டாமல் ஒவ்வொன்றும் எழுதும் பகுதியை மட்டும் பூட்ட முடிவதால், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதே அமைப்பு சிறு கோப்புகளிடம் தடுமாறுகிறது. ஓர் அடைவில் சில கிலோபைட் அளவேயுள்ள லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தால், ஒவ்வொன்றைத் திறக்கவும் மீத்தரவுச் சேவையகத்தின் வாசலில் நிற்க வேண்டும். அவற்றின் அளவுகளைப் பட்டியலிடக் கேட்டாலோ உள்ளடக்கச் சேவையகங்களிடமும் விசாரிக்க நேரும். ஒரே பயனரின் இத்தகைய பழக்கம் கணினித் திரளைப் பயன்படுத்தும் அனைவரின் வேலையையும் மந்தமாக்கிவிடும் என்பதால், சிறு கோப்புகளை ஹெச்.டி.எஃப்.5 போன்ற வடிவத்தில் ஒரே பெருங்கோப்பாகத் தொகுத்து வைப்பது பிறர்க்குச் செய்யும் உதவியே ஆகும்.

வன்தட்டு பழுதாவதை எதிர்கொள்வதில் முறைமைகள் வேறுபடுகின்றன. லஸ்டர் நிறுவல்களில் பொதுவாக ஒவ்வொரு சேமிப்பிடமும் பல வன்தட்டுகளின் குழுவாக அமைந்து, ஒரு தட்டு போனாலும் அதிலிருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்டுவிடுகிறது. கூகுள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விவரிக்கும் கோப்பு முறைமையோ, மலிவான கணினிகள் பழுதாவது அன்றாட நிகழ்வு என்றே கொண்டு, கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகளை வெவ்வேறு கணினிகளில் வைத்தது. பயனரே தவறுதலாகக் கோப்பை அழித்துவிட்டால் எத்தனை பிரதிகள் இருந்தும் பயனில்லை என்பதால், அம்முறைமை அழிக்கப்பட்ட கோப்பை உடனே துடைத்துவிடாமல், மறைபெயர் ஒன்றைச் சூட்டி மூன்று நாள் வைத்திருந்து, அதன் பின்னரே இடத்தை விடுவித்தது.