எந்த மதகைத் திறந்தீர்கள்?

மேட்டூர் அணையில் டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களுக்கு ஆகஸ்ட் 1. அவற்றின் தண்ணீர் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கிறது. தேக்கிய தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகு திறக்கிறதோ அந்தப் பக்கத்து வயல்தான் நனையும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கம்பைலர் என்றால் என்னவென்று கேட்டால், நான் அணையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

சி மொழியில் எழுதிய நிரல் வெறும் எழுத்து. எந்தச் சிப்புக்கும் அது புரியாது. கம்பைலர்தான் இங்கே மதகு: அதை ஒரு குறிப்பிட்ட சிப்பின் கட்டளைகளாக மாற்றும். அசெம்பிளர் அவற்றை எண்களாக்கும். லிங்கர் துண்டுகளைக் கோத்து ஓடக்கூடிய கோப்பாக்கும். இந்த மொத்தக் கூட்டத்துக்குப் பெயர் டூல்செயின். 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி இன்றும் இதில் மூத்த பேர்வழி.

சிக்கல் பெயரில் இருக்கிறது. டெர்மினலில் ஜிசிசி என்று தட்டினால், பாத் என்ற பட்டியலில் உள்ள அடைவுகளைக் கணினி வரிசையாகத் தேடி, அந்தப் பெயரில் முதலில் கண்ணில் படுவதை ஓட்டிவிடும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது அடைவில் இருக்கலாம். அதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆப்பிள் மேக்கில் இன்னும் வேடிக்கை: ஜிசிசி என்று கூப்பிட்டால் வந்து நிற்பது கிளாங் என்ற வேறு கம்பைலர்!

சென்னை ஐஐடியின் சக்தி செயலியை எடுத்துக்கொள்வோம். ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பில் அமைந்த இதன் ரிமோ என்ற சிப், 2018-இல் சண்டிகரில் தயாரானது. நம் மடிக்கணினியில் பெரும்பாலும் இருப்பதோ எக்ஸ்86 செயலி. அதில் சும்மா ஜிசிசி என்று போட்டால் பிழையே காட்டாமல் பில்ட் முடிந்துவிடும். கிடைத்த கோப்பு மட்டும் சக்தி போர்டில் ஓடாது. அதற்குக் கிராஸ் கம்பைலர் வேண்டும். ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்-ஜிசிசி என்று ரயில் பெட்டி போல நீளும் அதன் பெயரில் முதல் துண்டு செயலி, அடுத்தது தயாரிப்பாளர், எல்ஃப் என்றால் இயங்குதளமே இல்லாத வெறும் போர்டு. எல்ஃப் இருந்த இடத்தில் லினக்ஸ்-க்னு என்றிருந்தால் அது லினக்ஸ் ஓடும் கருவிக்கானது. மாற்றிக் கூப்பிட்டால் நூலகங்கள் பொருந்தாமல் லிங்கர் கத்தலாம்.

இன்னொரு வில்லங்கம். பில்டை நடத்தும் மேக் (make; ஆப்பிள் மேக் அல்ல) என்ற கருவிக்கு எந்தக் கம்பைலர் என்று சிசி மாறியில் சொல்லாவிட்டால், கணினியில் சிசி என்ற பெயரில் இருப்பதை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு நாம் திருத்திச் சொன்னாலும் ஏற்கெனவே உருவான துண்டுக் கோப்புகளைத் தொடாது. கோப்புகள் மாறிய தேதியை மட்டும்தான் பார்க்கும். அணையின் அடியில் வண்டல் போலப் பழையது அப்படியே தங்கிவிடும். இப்படி ஒரு மாலை முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன்.

அதனால் பில்டுக்கு முன் விச் என்ற கட்டளையைப் போட்டு, எந்த அடைவிலிருக்கும் ஜிசிசி வரப்போகிறது என்று பாருங்கள். முடிந்த பிறகு, கிடைத்த கோப்பின் மீது ஃபைல் என்ற கட்டளையைப் போடுங்கள். ரிஸ்க்-வி என்று காட்டினால் போர்டில் ஏற்றலாம். எக்ஸ்86-64 என்று காட்டினால், பழைய துண்டுக் கோப்புகளை அழிக்க மேக் கிளீன் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.