பானையும் புதிர்த்தாளும்

நம் ஊர் எல். இளையபெருமாள் படித்த பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பானை தனி. அதை அவர் உடைத்தார். தாகம் எடுக்கும்போதெல்லாம் 'நீ யார்' என்பதை அந்தப் பானை பிள்ளைக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது.

அந்த நினைவூட்டல் மனத்துக்குள் என்ன செய்கிறது? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 642 சிறுவர்கள், தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் காசுக்காகத் தீர்த்தார்கள். சாதி சொல்லப்படாதபோது இரு தரப்பும் சமம். எல்லார் முன்னும் சாதியை வாசித்ததும் தலித் சிறுவர்கள் பின்தங்கினார்கள். அறிவு குறைந்துவிடவில்லை. யாருக்குப் பரிசு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்தபோது அந்த இடைவெளியே மறைந்தது! மனிதர் கையிலிருந்து நியாயம் வராது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது தப்புக்கணக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

இன்றும் சில வகுப்புகளில் உதவித்தொகைப் பட்டியலை உரக்க வாசித்துப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.