இரும்பும் மரமும் இசைய வேண்டுமானால்

ஐப்பசி பிறந்ததும் பொன்னேரிப் பக்கத்து வீடுகளில் ஒரு மல்யுத்தம் ஆரம்பமாகும். சித்திரையில் விரலால் தொட்டால் திறந்துகொண்ட கதவு, மழை கண்டதும் நிலையோடு இறுகிக்கொண்டு வீட்டுக்காரரின் தோள்வலியைச் சோதிக்கும். கிழக்கே பழவேற்காட்டு ஏரி, அதற்கப்பால் சமுத்திரம். காற்றில் ஈரத்துக்குக் குறைவேயில்லை. மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்புகிறது; கோடையில் அதைக் கக்கிவிட்டுச் சுருங்குகிறது. கதவு விஷயத்தில் இது வெறும் தொல்லை. துப்பாக்கி விஷயத்திலோ குறி தப்புவதற்கு இதுவே மூலகாரணம்.

குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கிப் பேச்சா என்று நேயர்கள் திகைக்க வேண்டாம். பொன்னேரித் தாலுகாவைச் சேர்ந்த பழவேற்காட்டில் 1613-ல் எழுந்த கெல்திரியா கோட்டையில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து தயாரித்துக் கப்பலேற்றியவர்கள். ஆகவே இந்த மண்ணுக்கு அச்சாஸ்திரம் புதிதன்று. ஆனால் இன்று நாம் சொல்லப் புகுந்தது வெடிமருந்தைப் பற்றி அல்ல. இரும்பு மரத்தில் உட்காரும் இடத்தைப் பற்றி.

ரைபிள் துப்பாக்கியில் குழலும், தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும் யந்திர பாகமும் எஃகு. அவற்றைத் தாங்கித் தோளோடு பொருந்துவது கட்டை. ஒவ்வொரு வெடிக்கும் எஃகு பின்னோக்கி உதைக்கிறது. உதைத்த பின் அது முன்னிருந்த இடத்திலேயே வந்து அமர வேண்டும். அமராவிட்டால் அடுத்த குண்டு வேறு வழி போகும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் திசை, நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும், 50 மீட்டருக்கப்பால் குண்டு சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளிப் படும். ஒலிம்பிக் பந்தயத்தில் அந்தத் தூரத்து இலக்கின் பத்தாம் வளையத்துக்குக் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான்! 2024-ல் பாரிஸில் அவ்வகைப் பந்தயத்தில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் பெற்றாரென்றால், எவ்வளவு நுட்பமான காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் போலீஸார் பல்லாண்டு தாங்கிய பாயிண்ட் 303 துப்பாக்கியும் இந்தச் சங்கடத்துக்குத் தப்பவில்லை. அதன் உதைப்பை முன்கட்டையின் பின்கோடியிலுள்ள சிறு மரமுகங்களே ஏற்றன. அவை நசுங்கினால் குறி போயிற்று. மிருதுவான மரத்தைக் கையாண்ட ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, அவ்விடத்தில் செப்புத் தகடு பதித்தது. 1904-ல் வங்காளத்தில் தோன்றிய இஷாப்பூர் தொழிற்சாலையிலோ முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு திருகாணியை முடுக்கிப் பிளவைத் தடுத்தார்கள். எமக்கு இஷாப்பூர் யுக்தியே பிடித்திருக்கிறது. செலவு சொற்பம், பலன் ஸ்திரம். உத்தரப் பிரதேசப் போலீஸார் இத்துப்பாக்கிக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

இக்காலத்தில் உரிமம் உள்ளவர், பழைய கட்டையைக் கழற்றிவிட்டு வேறொரு கம்பெனியின் கட்டையை வாங்கி மாட்டுகிறார். விளம்பரம், ‘அப்படியே பொருந்தும்’ என்கிறது. கடையில் வாங்கிய சட்டை பொருந்தும் அளவுக்குப் பொருந்தும் என்று கொள்க. மீதியைக் கைவேலைதான் முடிக்க வேண்டும்.

முதலில் தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்தாக வேண்டும். பிறகு எஃகின் அடிப்பாகத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவிக் கட்டையில் வைத்து எடுத்தால், தட்டும் இடமெல்லாம் கறுக்கும். அங்கு மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். பழைய ஆசாரிகள் இதையே நூறு தடவை செய்து, இரும்பின் அச்சை மரத்தில் இறக்கினார்கள். பொறுமையற்ற இக்காலம் அந்த இடத்தில் எஃகுத் தூள் கலந்த எபாக்சிப் பசையை நிரப்புகிறது. பசை வார்க்குமுன் எஃகு முழுவதும் மெழுகு பூசி, திருகுத் துவாரங்களைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். மெழுகு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் எஃகும் கட்டையும் தம்பதிகளாகிவிடும். பிறகு விவாகரத்துக்குச் சுத்தியலைத்தான் நாட வேண்டும்! உதைப்பைத் தாங்கும் முனையின் முன்புறம், பக்கம், அடி ஆகியவற்றில் ஒட்டுநாடாவைச் சுற்றிப் பின்முகத்தை மட்டும் பசையில் படியவிடுவார்கள். திருகாணிகளை அப்போது பலமாக முடுக்கலாகாது. முடுக்கினால் எஃகு வளைந்த நிலையிலேயே பசை இறுகிவிடும். மரம் நசுங்காதிருக்கத் திருகாணியைச் சுற்றி அலுமினியக் குழாய் பதிப்பதும் உண்டு.

இவ்வித்தை நம்மிடையே பரவாததற்கு ஒரு சரித்திர காரணமும் உண்டு. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியரை மட்டும் உரிமத்துக்குக் கைகட்டி நிற்க வைத்தது. ஆயுதம் வைத்திருப்போர் அருகினால் அதைச் செப்பனிடும் கை எங்கே வளரும்? சுதந்திர இந்தியா 1959-ல் வேறு சட்டம் இயற்றிற்று. அதன்படியும் ஆயுதம் பழுதுபார்ப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். அது நியாயமே. ஆகையால் கட்டை மாற்ற விரும்புவோர் உரிமம் பெற்ற கடையையே நாட வேண்டும். வீட்டுத் திண்ணையில் பரீட்சை கூடாது.

வேலை முடிந்து வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பாருங்கள். தடையின்றிப் போனால் குழல் மரத்தைத் தொடவில்லை. பிறகு முன்திருகாணியைத் தளர்த்தும்போது, குழலும் மரமும் கூடுமிடத்தில் விரலை வையுங்கள். அசைவு தெரிந்தால் வேலை சரியில்லை. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். மரக்கட்டையானால், வைகாசியில் தேறியதைக் கார்த்திகை மழையில் மறுபடியும் காகிதம் நுழைத்துப் பார்ப்பது அவசியம்.